ஞானஸ்நானம், பிப்ரவரி 1701

பழைய தேவாலயப் பதிவேடுகளைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவி ஈரமில்லாமல் துடைத்துக்கொள்ள வேண்டும். முன்னோரைத் தேடி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடம் இது. இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். தேநீர் ஆறுகிறது, குடியுங்கள்.

கத்பர்ட் லோமும் நானும் இருபத்திரண்டு வருடம் இந்த ஷ்ராப்ஷயர் மாவட்டத்துத் தேவாலயங்களை ஏறி இறங்கினோம். திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று பாதிரிமார் கிறுக்கி வைத்ததை அவர் வாசிப்பார், நான் எழுதிக்கொள்வேன். வியாழக்கிழமைதோறும் என் சமையலறையில் எலுமிச்சைக் கேக் தின்றபடி என் டாப்னி வம்சத்தைக் கிண்டலடிப்பார்.

“ஏம்மா ஹெஸ்டர், உங்காளுங்க எல்லாம் குதிரைமேலயே பொறந்தாங்களா? எங்க பாட்டன் பன்னி திருடி மாட்டிக்கிட்டான். அதையும் ஒரு புண்ணியவான் எழுதி வச்சிருக்கான்.”

“அதையாவது ஒழுங்கா எழுதியிருக்கானே, சந்தோஷப்படுங்க” என்பேன்.

எங்கள் மாளிகை எப்போதோ கைமாறிவிட்டது. எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை. மிச்சம் பெயர் ஒன்றுதான். ஊர் மன்றத்துச் சுவரில் தொங்கும் வம்ச வரைபடம் முழுவதும் ஹம்ஃப்ரி டாப்னி என்ற ஒரு பிள்ளையின்மேல் நிற்கிறது.

போன மாதம் கத்பர்ட்டின் நனைந்த கோட்டை ஆணியில் மாட்டும்போது பையில் ஒரு கடிதம் இருந்தது. மாவட்ட வரலாற்றுச் சங்கப் பத்திரிகைக்கு எழுதியது. பிறர் கடிதத்தைப் படிப்பது தப்பு என்பீர்கள். எங்களுக்கு வேலையே அதுதான். ‘ஹம்ஃப்ரியின் பெற்றோருக்குத் திருமணம் ஏப்ரல் 1701. ஹம்ஃப்ரிக்கு ஞானஸ்நானம் பிப்ரவரி 1701. ஆகவே அவன் முறைதவறிப் பிறந்தவன், அந்தப் பெயருக்கு ஹெஸ்டருக்கு உரிமையில்லை’ என்பதோடு முதல் பக்கம் முடிந்தது. தோட்டத்திலிருந்து அவர் வரும் சத்தம் கேட்டது. மடித்து வைத்துவிட்டேன்.

அன்றும் இரண்டு துண்டு கேக் தின்றார். கடிதத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெயர் போவதைக்கூடப் பொறுத்திருப்பேன். கூட இருந்தே கழுத்தறுத்தாரே, அதில்தான் வயிறு எரிந்தது.

பதிவேடுகள் எங்கள் தேவாலய வாசலுக்கு மேலே சின்ன அறையில் இருக்கின்றன. சுழன்று இறங்கும் கல் படிக்கட்டு, பிடித்துக்கொள்ளக் கயிறு மட்டும்தான். கத்பர்ட்டுக்கு முழங்கால் வலி. ஒரு கையில் ஏட்டை அணைத்துக்கொண்டு, மறுகையால் கயிற்றில் முழுப் பாரத்தையும் போட்டு இறங்குவார். செவ்வாய்க்கிழமை காலை மேல் வளையத்தில் கயிற்றின் முடிச்சைத் தளர்த்திவிட்டு, கீழே வந்து நின்று, 1701ஆம் வருட ஏட்டை எடுத்துவரச் சொன்னேன்.

விழுந்த பிறகு அரை மணி நேரம் உயிர் இருந்தது.

“ஹெஸ்டர், யாரையாவது கூப்பிடும்மா.”

நான் கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தேன். “கடுதாசியப் படிச்சேன் கத்பர்ட்” என்றேன்.

“ரெண்டாவது பக்கம்... மார்ச்சு இருபத்தஞ்சு...”

பிதற்றுகிறார் என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஏட்டை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அந்த இரண்டாவது பக்கத்தை நேற்று நீங்கள்தான் காட்டினீர்கள். ‘என்று சங்கத்தில் சிலர் முணுமுணுப்பது அறியாமை. அக்காலத்தில் இங்கே புது வருடம் மார்ச் இருபத்தைந்தில்தான் பிறந்தது. ஆகவே 1701 ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்தே 1701 பிப்ரவரி வந்தது. இந்தப் பேச்சு ஹெஸ்டரின் காதுக்கு எட்டி அவர் மனம் நோகும் முன் இதை அச்சிட வேண்டுகிறேன்.’

அந்த மார்ச் இருபத்தைந்துதான் என் இரண்டாவது பாடம். வருகிற அத்தனை பேருக்கும் முதல் நாளே சொல்லித்தருவேன்.

முடிச்சைத் தளர்த்தியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனாலும் இன்ஸ்பெக்டர், இவ்வளவு தெரிந்த மனிதர் அதை முதல் பக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டாமா?