ஃபாரத்தின் பின்பக்கம்

ஹலோ... ஆமா... ஆமா சார், ஃபாரம் அக்காதான் பேசுறேன்... கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, பின்னாடி ஒரே கூட்டமா இருக்கு... ஓ, காப்பீடு ஆபீஸ்ல நிக்கிறீங்களா. நம்பர் யாரு குடுத்தா?... கவுண்டர் பொண்ணா. நல்ல பொண்ணு. அதால முடியலைன்னா என்கிட்ட தள்ளிவிட்டுடும்... இல்ல சார், நான் அதிகாரி எல்லாம் இல்ல. தையக்காரி. ஆஸ்பத்திரி வாசல்ல மெஷின் போட்டிருக்கேன். ஃபாரம் நிரப்பத் தெரியாம முழிக்கிறவங்களுக்கு எழுதிக் குடுப்பேன், அவ்ளோதான்... காசெல்லாம் வேணாம். விஷயத்தச் சொல்லுங்க.

என்னது?... 'மேற்படி விண்ணப்பம் மேற்கண்ட காரணத்தால்'... சார், சார், மனுஷ பாஷையில சொல்லுங்க... திருப்பிட்டாங்க. சரி. எத்தனை தடவை?... மூணுதானே, அதுக்கா இப்படி மூச்சு வாங்குறீங்க... ஓ. இதயத்துலயே கோளாறா. தெரியாம சொல்லிட்டேன் சார்... வால்வு மாத்தணும். ம்ம்... திங்கக்கிழமை வந்து படுன்னுட்டாரு டாக்டர். காப்பீட்டு அட்டை இல்லாம போனா?... ஆமா, வீட்டத்தான் விக்கணும். இன்னிக்கு வெள்ளி. நாலு மணிக்கு கவுண்டர் மூடிடுவாங்க. பதறாதீங்க, மணி ரெண்டரைதான் ஆகுது.

முதல் தடவை எதுக்குத் திருப்புச்சு?... கூட என்னென்ன வச்சீங்க?... பதினெட்டு பேப்பரா. அவங்க கேட்டது மூணு சார்... கல்யாணப் பத்திரிகை எதுக்கு?... முன்னெச்சரிக்கையா. சரி சரி. வால்வுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்தாலும் இருக்கும்... ரெண்டாவது தடவை?... கைப்பட ஒரு மனு எழுதி மேல குத்துனீங்களா... 'பார்வையில் காணும் பொருள் தொடர்பாகப் பணிந்து'... போதும் போதும். அந்தப் பொண்ணுக்கு இருபத்தி மூணு வயசு சார். பயந்துபோய் திருப்பியிருக்கும்.

மூணாவதுதான் முக்கியம்... எழுபது வயசு ஆனாத்தான் அட்டை, உங்களுக்கு இன்னும் ஆகலைங்கிறாங்களா... ஆகி மூணு மாசம் ஆச்சு, அப்புறமென்ன?... சர்டிபிகேட்ல அறுபத்தெட்டு. அடடே, ரெண்டு வருஷத்த எங்க சார் தொலைச்சீங்க?... அப்பா ஸ்கூல்ல சேர்க்கும்போது குறைச்சுப் போட்டுட்டாரு. ஏழ அஞ்சாக்கிட்டாரு... எந்த ஸ்கூலு?... மரக்கடைக்குப் பின்னாடி இருந்தது. ம்... சார், நீங்க எங்க வேலை பார்த்தீங்க?... அங்கேயேவா? இப்ப நிக்கிறீங்களே, அதே ஆபீஸ்லயா... ஒரு நிமிஷம். லைன்லயே இருங்க.

ஏங்க... ரேடியோவக் குறைங்க. யாரு தெரியுமா லைன்ல? உங்க மச்சினன்... எனக்கு எத்தனை தம்பி இருக்கான், அவனேதான்... ஐயோ, மெதுவா. அவனுக்கு நான் யாருன்னு தெரியல. பதினோரு வருஷமாச்சு, நம்பரும் மாறிடுச்சு, ஃபாரம் அக்கான்னா எவளோன்னு பேசிக்கிட்டிருக்கான்... குரல் தேஞ்சுபோச்சு, அதான் எனக்கும் சட்டுன்னு பிடிபடல... சும்மா விடுறதா? நீங்க பேசாம இருங்க.

ஹலோ சார், இருக்கீங்களா... இல்ல, வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்தேன். பாருங்க சார், உங்களுக்கு நிஜமாவே எழுபதுன்னு சொல்றதுக்கு உங்களவிட மூத்தவங்க யாராவது இருக்காங்களா?... அம்மா அப்பா இல்ல, சரி. கூடப்பிறந்தவங்க?... யாருமே இல்லையா. நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரு அக்கா கிக்கா?... இருந்தாங்க. 'இருந்தாங்க'ன்னா? தவறிட்டாங்களா?... அப்படித்தான்னு வச்சுக்கணுமா. சரி, வச்சுக்கிறேன். என்ன வியாதி சார் அவங்களுக்கு?... ஞாபகம் இல்ல. சாவுக்காவது போனீங்களா?... சொல்லி அனுப்பலையா. அது தப்புதான், சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன் கேட்டுக்கோ. செத்தவதான்டா பேசுறேன்.

...

வைக்காத. வச்சேன்னா திங்கக்கிழமை வீட்டுப் பத்திரத்தத் தூக்கிக்கிட்டு அலையணும்... ஆமா, அக்காதான்... ஆமா, அதே தையக்காரிதான்... எப்படி இருக்கேனா? நீ சொல்லித்தான் தெரியும் நான் செத்துட்டேன்னு. மத்தபடி நல்லா இருக்கேன்.

என்ன, சாட்சி கையெழுத்தா? ஏன்டா, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்துச்சே, அதையும் பென்ஷனோட சேர்த்துக் குடுத்துட்டியா? உனக்கு எழுபதுன்னு நான் எழுதிக் குடுத்தா, 'அப்ப ரெண்டு வருஷம் கூடுதலா எப்படிய்யா வேலை பார்த்த'ன்னு உன் ஆபீசே உன்னைக் கேக்கும். அந்த ரெண்டு வருஷமும் நாற்காலிய நல்லா தேச்சியே. அப்ப சின்னவன், இப்ப பெரியவனா?... ஹெட்மாஸ்டர் கேட்டப்ப அப்பாவா சொன்னாரு? நீயேதான் வாயத் திறந்து அஞ்சுன்ன. நான் உன் கையப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னேன்.

சரி, அத விடு. உங்க மாமா ஃபாரத்த எடுத்துக்கிட்டு உன் மேஜைக்கு வந்தேனே, அன்னிக்கு அவருக்கு என்ன வயசு?... சொல்லு, உனக்கா ஞாபகம் இருக்காது... அறுபத்தி மூணு. கால்ல புண்ணு. சர்க்கரை ஏறி விரல் கறுத்துக் கிடந்துச்சு. நீ என்ன பண்ண? சிவப்பு மையில 'எழுபது வயது நிறையவில்லை'ன்னு எழுதி என் பக்கம் தள்ளிவிட்ட. தலையக்கூடத் தூக்கல. 'அடுத்தவங்களுக்கு வழி விடுங்க'ன்ன. ங்க போட்டுப் பேசின, அத மட்டும் மறக்க மாட்டேன்... சட்டம். ம். இன்னிக்கும் அதேதானா?

இப்ப உன் கையில ஃபாரம் இருக்கா?... திருப்பு அத... பின்பக்கம்டா... ஆமா, பின்பக்கமும் அச்சடிச்சுத்தான் குடுக்குறாங்க. பகுதி ரெண்டு. படி... எனக்குக் கேக்குற மாதிரி படி... 'அறுபது வயது நிறைந்து'... நிறுத்தாத, மேல படி... 'கடும் நோய் உள்ளவர்கள், அரசு மருத்துவரின் சான்றுடன்'... அவ்ளோதான். சான்று இருந்தா எழுபது வேணாம். அறுபது போதும். உன் பொய் வயசே போதும்.

... இல்ல, புதுசா வந்தது இல்ல. கீழ் மூலையில பொடி எழுத்துல வருஷம் போட்டிருக்கும். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு... ஆச்சா பதினஞ்சு வருஷம்?... ஆமா. நீ அங்க உக்காந்திருந்தப்பவே இருந்துச்சு. முன்பக்கத்துல கட்டத்தப் பார்ப்ப, வயசப் பார்ப்ப, எழுதித் தள்ளிவிடுவ. திருப்புற வேலையே உனக்குக் கிடையாது.

இன்னும் அதையேவா படிச்சுக்கிட்டிருக்க?... படி, நல்லாப் படி.

எனக்கு அதக் காட்டினது ஒரு நர்சு. ஒன்பது நாள் கழிச்சு. ஆஸ்பத்திரி வராண்டாவுல தரையில உக்காந்திருந்தேன், கையில நீ எழுதின ஃபாரம். வாங்கித் திருப்பிப் பார்த்துட்டு, 'இது யாரும்மா எழுதினது, படிச்சவங்கதானா'ன்னுச்சு. என் தம்பின்னு சொல்ல வாய் வரல. அன்னிக்குக் காலையிலதான் முட்டிக்குக் கீழ எடுத்திருந்தாங்க. வலது கால். முப்பத்தஞ்சு வருஷம் வேன்ல பிரேக் மிதிச்ச காலு... தெரியாதா? எப்படித் தெரியும், நீ வந்து பார்த்தாதானே... நான் சொல்லலையா? உனக்கு எதுக்குடா நான் சொல்லணும்?

... அழாத. டேய், அழாதங்கிறேன். அழுறதுக்கு வால்வு நல்லா இருக்கணும், உனக்கு அதுவும் இல்ல. டோக்கன் கூப்பிட்டா காதுல விழாது.

மூக்கத் தொடச்சிட்டுச் சொல்லு. நோய்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதியிருக்க?... 'இல்லை'யா? ஏன்டா?... எவன் சொன்னான்?... கீழ் வீட்டு ஏஜென்டு. நோய் இருக்குன்னா தள்ளிடுவாங்கன்னு. அவன் விக்கிறது தனியார் பாலிசி, அங்க சளி பிடிச்சிருந்தாக்கூட மறைக்கணும். இது கவர்மெண்ட் காப்பீடு. இங்க நோய் இருந்தாத்தான் அறுபதுலயே உள்ள விடுவாங்க. ஏற்கனவே இருக்குற நோய்க்கும் முதல் நாள்லேர்ந்தே செல்லும். முப்பது வருஷம் அங்க உக்காந்துட்டு, கீழ் வீட்டுக்காரன்கிட்டயா போய் யோசனை கேட்ட... அடிச்சுத் திருத்தாத. அடிச்சா திருப்புவாங்க, நீ எத்தனை பேருக்குத் திருப்பியிருக்க. புதுசு ஒண்ணு வாங்கு... வாங்கிட்டியா. 'இதய வால்வு பழுது.' ஒழுங்கா எழுது. மேற்படி கீழ்ப்படி எதுவும் போடாத.

டாக்டர் சான்று?... அந்தப் பதினெட்டுக்குள்ள இருக்கா. தேடு... கல்யாணப் பத்திரிகைக்குக் கீழயா. நல்ல இடம். அரசு டாக்டர் சீல் இருக்குல்ல?... அத மட்டும் வச்சுக்கோ, மத்தத மடிச்சுப் பையில போடு.

அடுத்தது என்ன கேட்டிருக்கு?... உடன் இருப்பவர். ஆபரேஷன் அன்னிக்குக் கூட யாரு இருப்பாங்கன்னு அர்த்தம். பையன் வர்றானா?... வீடியோவுல பார்ப்பானாமா. டாக்டருக்குத் துணையா இருக்கும். உன் பொண்டாட்டி?... முட்டி வலி, படி ஏற முடியாது. வேற?... வேற யாரும் இல்ல. ம்.

... ஏங்க. கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க. என்ன சொல்றீங்க?... என்னைக் கேட்டா? கால் உங்களோடது, நீங்க சொல்லுங்க... ... அவ்ளோதானா... சரி.

டேய். உங்க மாமா கேக்குறாரு, திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக உனக்கு வண்டி இருக்கான்னு... பதில் சொல்லுடா, மனுஷன் கேக்குறாருல்ல... இல்லையாம்ங்க... தெரிஞ்ச வேன்காரன அனுப்புறாராம். அவரு அப்படித்தான், அவருக்கு வேற வேலை இல்ல. நான் அவரு மாதிரி இல்ல. எனக்கு இன்னும் ஆறல. ஆறுமான்னும் தெரியல. அதையும் எங்கயாவது குறிச்சு வச்சுக்கோ.

உன் நம்பரத்தான் கூப்பிடுறாங்க, போ... போ, கட்டம் காலியா இருந்தா பரவாயில்ல, முதல்ல போய் நில்லு...

ஹலோ... யாரு, கவுண்டர் பாப்பாவா? ஆமாம்மா, நான்தான்... தெரியும்மா இவர, ரொம்ப நல்லாத் தெரியும்... அதெல்லாம் சரியாத்தான் இருக்கும், பின்பக்கம் பாரும்மா... சான்று இருக்கா. சரி... ஒரு கட்டம் மட்டும் காலியா. பேனாவ வச்சுக்கிட்டு நிக்கிறாரா?... என்னைக் கேக்காம எழுத மாட்டேங்கிறாரா.

...

எழுதிக்கம்மா. உடன் இருப்பவர், உறவு அக்கா. வயசு எழுபத்தி ரெண்டு. எனக்கு சர்டிபிகேட்லயும் எழுபத்தி ரெண்டுதான்... கையெழுத்து திங்கக்கிழமை காலையில ஆஸ்பத்திரியில சேர்க்கும்போது போடுறேன், ஏழு மணிக்கே வந்துடுவேன்... இல்லம்மா, அவர்கிட்ட ஃபோனக் குடுக்க வேணாம். நீ சீல் போடு. வச்சிடுறேன்.