தோற்ற மறுநாள் லட்டு

ஷார்ஜா பஸ்ஸில் மகளைத் தட்டித் தூங்கவைத்துக்கொண்டிருந்தேன். பின்சீட்டில் நம்மூர்க்காரர்கள் இருவர்.

“உங்க போலந்து மேனேஜர் ஆதரிச்ச ஆளு அவங்க நாட்டு ஜனாதிபதி தேர்தல்ல தோத்த மறுநாள், மேனேஜருக்கே லட்டு நீட்டினியாமே?” என்றார் மூத்தவர்.

“முதல் சுற்றுல அந்த ஆளுதாண்ணே முன்னாடி. ரெண்டாம் சுற்றுலயும் ஜெயிக்கிறார்னு டிவியில பாத்துட்டுப் படுத்தேன். விடியறதுக்குள்ள மயிரிழையில மாறிடுச்சு.”

“அதுல உனக்கென்னடா?”

“அந்த ஆளு ஜெயிச்சா லீவு தர்றேன்னு மேனேஜர் சொன்னாருண்ணே. தங்கச்சி கல்யாணம்.”

“அப்ப கல்யாணத்தை அவங்க அடுத்த தேர்தலுக்குத் தள்ளிவை. நம்மூர்த் தேர்தல்ல ஒருதடவையாவது ஓட்டுப் போட்டிருக்கியாடா?”

சிரித்தால் மகள் விழித்துவிடுவாளோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

இளையவர் நிதானமாகச் சொன்னார்: “அதுக்கும் இதே மேனேஜர்தாண்ணே லீவு தரலை.”