பலகையில் எழுதிய பேர்

கல்முனையிலிருந்து மருதமுனைக்குப் போன பஸ்ஸில், முக்காடிட்ட இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். இளையவளின் மடியில் குழந்தை தூங்கியது.

"என்ட புள்ள ராஸ்கலா, ராத்தா?" என்று அவள் மூத்தவளிடம் திடீரெனக் கேட்டாள்.

"ஆரு சொன்ன?"

"பலகை சொல்லுது. நாங்க தறியில இருக்கிற நேரம் புள்ளையளப் பாக்க முதலாளி ஒரு வீடு திறந்தாரு. அதுக்கு 'ராஸ்கல் பிள்ளைகள்' எண்டு பேர் எழுதி வெச்சிட்டாரு."

"அது கொட்டகையில ஓடின இங்கிலீசுச் சிரிப்புப் படத்துட பேராம். அதுல வாறதும் குழப்படிப் புள்ளையள்தானாம். பகிடிக்கு வெச்சிருப்பாரு."

"பகிடியா? வாய்க்கால் வெட்டப் போன இடத்துல தொர இந்தச் சொல்லால ஏசினதுக்குத்தான் என்ட மாப்பிள்ள மண்வெட்டியப் போட்டுட்டு வந்தவரு. வாப்பா பொறுக்காத சொல்ல புள்ள சுமக்கிறதா?"

"முதலாளிட்டக் கேட்டியா?" என்றாள் மூத்தவள்.

"கேட்டன். 'நல்ல பேரெண்டா உங்கட புள்ளையையும் அங்க கொண்டு வந்து விடுங்க' எண்டன். சிரிச்சாரு. அடுத்த நாள் நாங்க ஒருத்தரும் தறிக்குப் போகல்ல. பகலைக்கு அவரே ஏணி வெச்சுப் பலகையக் கழட்டினாரு."

"இப்ப என்ன பேரு?"

"எங்களக் கேட்டுத்தான் வைப்பாராம்."

"நீங்க என்ன சொன்ன?"

"யோசிக்கிறமெண்டு சொன்ன," என்றாள் இளையவள். "அவரு காத்திருக்கட்டும்."