கறுத்த செண்பகம்

— குப்பி காலியா இருக்கே, கமர் நிஷா பீவி! போன மாசம் இதே வாசல்ல நின்னு நான் தளும்பத் தளும்ப ஊத்திக் குடுத்தது. ஒரு பொம்பள வருசம் முழுக்கப் பூசலாம், கேட்டியளா. கைதவறிக் கொட்டிட்டா?

— கொட்டல. செலவாயிட்டு. வேற ஏதாவது இருந்தா படியில வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க அத்தர்க்காரரே. கதவு இடுக்குல கைய நீட்டி எடுத்துக்கிடுதேன்.

— வேற எதுக்கு? அதையே எப்படியாவது திரும்பச் செஞ்சி தாரேனே.

— அது வேண்டாம்.

— வேண்டாமா? மேலப்பாளையத்துல இருந்து வள்ளியூர் வரைக்கும் எத்தனை வாசல்ல இந்தப் பெட்டிய எறக்கி வைக்கேன் தெரியுமா? அகமது மீரான் குடுத்த வாசனை வேண்டாம்னு சொன்ன மொத வாசல் இதுதான்.

— பெரும பேசாதிய. வாசனையில கொற இல்ல.

— கொற இல்லன்னா பின்ன என்ன? நீங்க கேட்ட மாதிரிதான செஞ்சேன்? எல்லாப் பொம்பளையளும் பிச்சி இருக்கா, ரோசா இருக்கான்னு கேப்பாவ. நீங்க ஒரு ஆளுதான், "மையித்துக்குப் பூசாத வாசனையா ஒண்ணு குடுங்க"ன்னு கேட்டது. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல, கேட்டியளா.

— நான் என்ன செய்ய? செத்த பொம்பளையளக் குளிப்பாட்டுதது என் வேல. சந்தனத்த மோந்தா எனக்கு எலந்த எல போட்ட வெந்நிதான் ஞாபகத்துக்கு வரும். ரோசான்னா பொணத்தச் சுத்துத கபன் துணி. கற்பூரம் என் நகக்கண்ணுக்குள்ளயே குடியிருக்கு, எத்தன தேய்ச்சாலும் போவாது. ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா எனக்கு ரெண்டு பக்கமும் பாய் வெறுசாக் கெடக்கும். பச்சப்பிள்ளையத் தூக்கிட்டு வந்தவ என்னப் பாத்ததும் முந்தானையால பிள்ள மொகத்த மூடுவா.

— அதுக்காகத்தான் நான் சந்தன எண்ணெயத் தொடவே இல்ல. எள்ளெண்ணெயில போட்டேன். செண்பகப்பூவ எல்லாரும் மஞ்சளா இருக்கும்போதே பறிச்சி ஊறப்போடுவான். நான் போடல. அது வாடட்டும், கறுக்கட்டும்னு ஓலப்பெட்டியில மூடி வச்சேன். செண்பகம் கறுத்தா அது வேற பூ, பீவி. செல்லம் குடுத்து வளந்த பிள்ள ஒரே நாள்ல பெரிய மனுசியான மாதிரி. அதுக்கு மேல ஆத்தங்கரத் தாழம்பூ. அகில் பொகை கொஞ்சம். வெள்ளக்காரன் சண்டையில கப்பல் ஒழுங்கா வரல, அகில் கட்டையே கண்ணுல படமாட்டுக்கு. வச்சிருந்த கடைசித் துண்ட உங்களுக்குத்தான் எரிச்சேன்.

— அத ஏன் அன்னைக்குச் சொல்லல?

— சொல்லுததுக்குள்ள கதவச் சாத்திட்டிய. எல்லா வாசல்லயும் அப்படித்தான். வாங்குவாவ, சாத்திருவாவ. பூசுன பொறவு அது எப்படி இருந்துச்சின்னு எவரும் எனக்குச் சொன்னதே கெடையாது. இருவது வருசமா வாசனை விக்கேன். வித்ததுக்கு அப்புறம் அது என்ன ஆச்சின்னு எனக்குத் தெரியாது.

— நெசமாவா?

— அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுதேன்.

— அப்ப நான் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. மொதல்ல நல்லா இனிச்சிச்சி. பிச்சிப்பூவ மடியில முடிஞ்சி வச்சி மறந்துட்டு, நசுங்கின பொறவு அவுத்தா ஒரு இனிப்பு வருமே, அது. எனக்கு என்னமோ ஏமாந்துட்டோம்னு தோணிச்சி. இதுவும் மத்தது மாதிரிதான்னு. அப்பறம் பைய அது கீழ எறங்கிச்சி.

— எறங்கிச்சின்னா?

— ஆத்துல வெள்ளம் வடிஞ்ச மறுநாளு தாழம்பொதருக்கு அடியில போயிருக்கியளா? வெயிலே படாம, சேறு குளுந்து போயி, உள்ள பாம்பு இருக்கோ பூ இருக்கோன்னு தெரியாம... அந்த எடத்துல ஒரு பூ யாருக்கும் தெரியாமப் பூத்து, யாருக்கும் தெரியாம அழுவிட்டு இருந்தா எப்படி இருக்கும்? அது. கறுப்பு வாசனை. கண்ண மூடுனாலும் கறுப்பு, தெறந்தாலும் கறுப்பு.

— பயந்துட்டியளா?

— எனக்கு எதுக்குப் பயம்? நான் பாக்காத இருட்டா? பயம் இல்ல. இருட்டுக்குள்ள தனியாக் கெடக்கும்போது பக்கத்துல யாரோ மூச்சு விடுத மாதிரி இருந்துச்சி. யாருன்னு தெரியல. போயிரக் கூடாதேன்னு இருந்துச்சி.

— பீவி...

— என்ன?

— ஒண்ணும் இல்ல. சொல்லுங்க. எங்க பூசிட்டுப் போனிய?

— எங்க காக்கா மவ நிக்காஹுக்கு. அதுக்குத்தான உங்ககிட்டக் கேட்டதே. கூடப்பொறந்தவரு மவ கல்யாணத்துலயாவது மனுசியா உக்காரணும்னு ஆச. காதுக்குப் பின்னால, மணிக்கட்டுல, துப்பட்டி ஓரத்துல. எப்பவும் போல மூலையில போய் உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல பொம்பளையளோட தலை திரும்புது. "யாரு மேலடி இந்த வாசனை?"ன்னு ஒருத்தி, "மாப்பிள வீட்டுச் சீர்ல வந்ததா?"ன்னு ஒருத்தி. மோந்துக்கிட்டே வருவாளுவ. என்னக் கண்டதும் அப்படியே நிப்பாளுவ. போயிருவாளுவ.

— சே!

— ஒருத்தி மட்டும் போவல. ஜைத்தூன்னு பேரு. ஏர்வாடியில இருந்து வாக்கப்பட்டு வந்து ஒரு வருசங்கூட ஆவல. நெறமாசம். ஊருக்குப் புதுசு, நான் யாருன்னு தெரியாது. நேரா வந்து பக்கத்துல உக்காந்து என் கையப் புடிச்சி மூக்குல வச்சிக்கிட்டா. "மாமி, இது என்ன பூ? எங்க ஊர்ல இல்லியே"ங்கா. கைய விடவே இல்ல. சகன்ல சோறு வச்சப்ப, நாலு பேரு சுத்தி உக்காந்து திங்குத தட்டுல, என்னையும் இழுத்து உக்கார வச்சிட்டா. எனக்கு எப்பவும் தனித்தட்டுதான். நான் அடுத்தவங்களோட ஒரு தட்டுல கைபோட்டு எத்தன காலமாச்சி!

— அவகிட்ட யாரும் சொல்லலியா?

— சொல்லாம இருப்பாளுவளா? ஒருத்தி வந்து அவ காதுல ஓதுனா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். இப்பக் கைய எடுத்துருவா, இப்ப எந்திச்சிருவான்னு. அவ "அப்படியா?"ன்னு கேட்டுட்டு, எலும்ப எடுத்து ஓரமா வச்சிட்டு, இன்னும் கிட்டக்க நவுந்து உக்காந்தா. "மாமி, எனக்குப் பிள்ள பெறந்து நாப்பது நாள் கழிஞ்சதும் இந்த வாசனையில கொஞ்சம் தருவியளா?"ன்னு கேட்டா. தாரேன்னேன்.

— பிள்ள பெறந்துட்டா?

— பெறந்துட்டு. பொட்டப்பிள்ள. ஏர்வாடிக்காரவ தூக்கிட்டுப் போயிட்டாவ.

— தாயும் கூடப் போயிட்டாளா?

— தாயி இங்கனதான் இருக்கா. பள்ளிவாசலுக்குப் பின்னால, மண்ணுக்குள்ள.

— யா அல்லா!

— ரெத்தம் நிக்கலன்னு சொன்னாவ. விடியுததுக்கு முன்னால எனக்கு ஆள் வந்துட்டு. யாரு வீடுன்னு தெரியாமத்தான் போனேன். துணிய வெலக்குன பொறவுதான் பாத்தேன். என் கையப் புடிச்சிருந்த அதே கை, மருதாணி கூடப் போவல. அவுங்க வீட்ல ரோசா அத்தர் வச்சிருந்தாவ. நான் அதத் தொடல. மடியில இருந்து உங்க குப்பிய எடுத்தேன். நெத்தியில, மூக்குல, உள்ளங்கையில, முட்டுல, கால் வெரல்ல. தொழுவும்போது தரையத் தொடுத எடம் அத்தனையிலயும் பூசுனேன். அப்பயும் மிச்சம் இருந்துச்சி. கபன்ல கவுத்துட்டேன். தண்ணி ஊத்த நின்னவ ஒருத்தி, "இது என்ன இப்படிக் கறுப்பா மணக்கு?"ன்னு கேட்டா. ஜைத்தூன் கேட்டது, குடுக்கேன்னேன்.

— அழுதியளா?

— குளிப்பாட்டுதவ அழக்கூடாது. தண்ணியில கண்ணீர் விழுந்துரும்.

— வீட்டுக்கு வந்து?

— வீட்ல யாருகிட்ட அழ? சொவத்துகிட்டயா? இப்ப உங்ககிட்டதான் மொதமொதச் சொல்லுதேன். போவட்டும். அந்த வாசனை இப்ப அவ வாசனை, நான் பூசுனா அடுத்தவ சேலையக் கட்டுன மாதிரி இருக்கும். எனக்கு வேற ஒண்ணு குடுங்க... என்ன, பெட்டியப் பூட்டுத சத்தம் கேக்கு?

— பூட்டத்தான் செய்யுதேன். வேற வாசனை தரமாட்டேன்.

— ஏன்? காசில்லாமக் கேக்கேன்னா?

— காசப் பத்தி யாரு பேசுனா? தந்தா அதையும் ஒருநாள் எவ மேலயாவது கவுத்துட்டு வெறுங்குப்பிய நீட்டுவிய. உசுரோட இருக்குத பொம்பளைக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சது பீவி. மண்ணுக்குள்ள போவதுக்கு இல்ல.

— கோவமாக்கும்?

— கோவம் இல்ல. எனக்குச் சொல்லத் தெரியல. ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. போன வாரம் ஸ்ரீவைகுண்டத்துல காய்ச்சல்ல விழுந்துட்டேன். வாழத்தோட்டத்துல காவக்காரன் குடிசை, அவனும் ஊர்ல இல்ல. அணைக்கட்டுல தண்ணி விழுத சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே கெடக்கு. தண்ணின்னு கேக்க ஆள் கெடையாது. ஊரெல்லாம் என் அத்தர் மணக்குது. என் சட்டையில வேர்வ நாத்தம். பெட்டியத் தெறந்து, உங்களுக்கு ஊத்துனதுல எனக்குன்னு ஒரு சொட்டு மிச்சம் வச்சிருந்தேன், அத எடுத்து நெஞ்சுல பூசிக்கிட்டேன்.

— உங்களுக்கு என்ன வந்துச்சி?

— நீங்க சொன்னதேதான். பக்கத்துல ஆள் மூச்சு விட்டுச்சி. ஆனா ஒண்ணு, அது யாருன்னு எனக்குத் தெரிஞ்சிது.

— காய்ச்சல்ல அப்படித்தான். எங்க மாமனாருக்கு ஒருதரம் செத்துப்போன எரும கூட வந்து நின்னுச்சாம்.

— சிரிங்க, சிரிங்க. நான் அன்னைக்கு நெசமாவே போயிருவேன்னுதான் நெனச்சேன். போனா யாரு குளிப்பாட்டுவா?

— எந்த ஊர்ல விழுந்தாலும் பள்ளிவாசல்ல ஆம்பளையளுக்குன்னு ஆள் இருக்கும். அதுக்கெல்லாம் கவலப்படுவாவளா?

— நீங்க செய்யணும்னு தோணிச்சி.

— கிறுக்குப் புடிச்சிட்டா? ஆம்பள மையித்தப் பொம்பள தொடப்படாது.

— உங்க வீட்டுக்காரர நீங்கதான் குளிப்பாட்டுனியன்னு தெருவுல சொல்லுதாவளே.

— அது... டில்லியில ராசாவுக்கு முடிசூட்டுனாவளே, அந்த வருசம் இங்க வாந்திபேதி. எங்க வீட்டுக்காரரு காலையில தறியில உக்காந்தாரு, பொழுதடைய முடிஞ்சி போச்சி. பேதின்னு கேட்டதும் ஒருத்தன் வாசல மிதிக்கல. நானேதான் தண்ணி கோரி, நானேதான் பெரட்டிப் பெரட்டிக் குளிப்பாட்டுனேன். அதுக்கு அப்புறம் பேதியில போன பொம்பளையளுக்கெல்லாம் என்னத்தான் கூப்புட்டாவ. அப்படியே ஒட்டிக்கிட்டு இந்த வேல. ஆனா அது வேற அத்தர்க்காரரே. கட்டுன பொண்டாட்டிக்கு அனுமதி உண்டு.

— அதத்தான் கேக்கேன் பீவி.

— எத?

— அந்த அனுமதிய.

— வாசல்ல நின்னு கேக்குத கேள்வியா இது?

— கதவச் சாத்திராதிய, பீவி.

— சாத்தல. நீங்க என் மொகத்தக்கூடப் பாத்தது கெடையாது.

— கையப் பாத்திருக்கேன். இந்த இடுக்குல வந்துட்டுப் போவும்.

— கையாம் கை! பொணம் கழுவுத கை.

— ஜைத்தூன் மூக்குல வச்ச கை.

— அவ பேர இழுக்காதிய... உங்களுக்குன்னு ஒருத்தரும் இல்லியா?

— காயல்ல ஒரு தங்கச்சி இருந்தா. அவளும் போயி நாளாச்சி. இந்தப் பெட்டிதான். எந்தப் பள்ளிவாசல்ல படுத்தாலும் தலைக்கு வச்சிக்கிடுவேன். ஒரு வார்த்த சொல்லுங்க பீவி. ராதாபுரத்துக்குப் போற வண்டிக்காரன் பாலத்துகிட்ட நிக்கான். சரின்னா அவனப் போகச் சொல்லிருதேன். இல்லன்னா ஏறிப் போயிருதேன். இனி இந்தத் தெருப் பக்கம் தொந்தரவு இருக்காது.

— நான் சொல்லுதத நல்லாக் கேட்டுக்கிடுங்க. இந்த ஊர்ல என் கதவத் தட்டுத எல்லாருக்கும் ஒரே வேலதான். யாரோ போயிட்டாவ, வா, குளிப்பாட்டுன்னு. கஞ்சி குடிச்சியான்னு கேட்டு எவரும் தட்டுனதில்ல. நீங்களும் சுத்திச் சுத்தி அதே வேலைக்குத்தான் ஆள் கேக்கிய.

— அப்படி இல்ல பீவி! எனக்குக் கேக்கத் தெரியல, அம்புட்டுதான். வேற எப்படிக் கேக்கன்னு தெரியாம...

— தெரியாட்டா போவட்டும், நான் சொல்லுதேன். மையித்துக்கு நான் வாக்கப்பட மாட்டேன். உசுரோட இருக்க நெனப்பு இருந்தா, எங்க காக்கா அடுத்த வீட்ல தறியிலதான் இருக்காவ, போய்க் கேளுங்க.