விருந்தாளிக்குத் தனி வைஃபை

வாட்ஸப்பில் ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். அதனால், குடும்ப நீதிமன்ற ஆலோசகரான நீங்கள், ரவுட்டரில் நான் ஏதோ செய்துவிட்டதாகக் கேட்பது ஒரு வகையில் எனக்குப் பெருமைதான்.

எங்கள் வீடு நார்த்தாமலைக்குப் பக்கம். எதிரே பாறை மறைப்பதால் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. எல்லாமே வைஃபைதான். மனைவி இறந்த பிறகு எனக்கென்று மிச்சமிருந்தது கத்தாரில் வேலை பார்க்கும் மகன் நிலவழகனின் குரல். நம் ஊர் நேரத்துக்கு இரவு ஏழரையிலிருந்து எட்டரை வரைதான் அவன் கையில் போன் இருக்கும். அந்த ஒரு மணி நேரமும் என்னோடு பேசுவான். கல்யாணம் முடித்து, மனைவி சுகுணாவை என் வீட்டில் விட்டுப் போனதும் அது அவளுக்குப் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது, "சாப்டீங்களாப்பா? மாத்திரை போட்டீங்களா? சரி, வைக்கிறேன்." நான் மீனைப் போல வாயைத் திறந்து மூடுவேன்.

இணைப்புக் கொடுக்க வந்த நாகராசுதான் வழி சொன்னார். "வர்றவங்க போறவங்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க்னு தனியா போட்டுருங்க சார். நம்ம பாஸ்வேர்டு வெளிய போகாது. எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னுகூட வச்சுக்கலாம்." கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று நாள் ரவுட்டர் செட்டிங்ஸ் முன்னால் உட்கார்ந்தேன். இரண்டு முறை பாஸ்வேர்டு மாறிப்போய் என்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கடைசியில் வந்துவிட்டது. பாதுகாப்புக்காக என்று சொல்லி சுகுணாவின் போனை வாங்கி அந்த கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்தேன். அதற்குத் தினமும் இரவு ஏழு முதல் எட்டரை வரை நிறுத்தம். என் போன் பழைய இணைப்பிலேயே இருந்தது.

"மாமா, நெட் வரலையே," என்றாள் அன்று.

"எனக்கு வருதேம்மா," என்றேன்.

போன்தான் பழுது என்று மறுநாள் புதுக்கோட்டைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நிலவழகன் என்னை அழைத்தான். "நெட் இல்லன்னு மெசேஜ் போட்டுருக்காப்பா. நெசமா?"

"அதுலதானப்பா ஒங்கிட்ட பேசிக்கிட்டிருக்கேன்."

இதில் எந்த எழுத்து பொய், சொல்லுங்கள்.

பிறகு அவள் சிக்னல் தேடி மெயின் ரோட்டுக்கு நடக்க ஆரம்பித்தாள். அங்கிருந்து அழைத்தால், அவன் வேறு அழைப்பில் இருப்பதாக வரும். என்னோடுதான் பேசிக்கொண்டிருப்பான்.

"சுகுணா எங்கப்பா?"

"போனை எடுத்துக்கிட்டு வெளிய போயிருக்குப்பா. தெனம் இந்நேரத்துக்குப் போகுது."

கேட்ட கேள்விக்கு மட்டும் விடை எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

மூன்றாவது மாதம் அவன் கேட்டான், "சிக்னல் தேடிப் போறேங்கிறா. வீட்லதான் நெட் இருக்கே. யார்கூடப்பா பேசுறா?" விடையைப் பையன் தானே கண்டுபிடிக்கட்டும் என்று கரும்பலகை ஓரமாக நின்று காத்திருப்பேனே, அப்படிக் காத்திருந்தேன். அவளுக்கு வேறு யாரோ இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டான்.

மறுவாரம் சுகுணாவின் அண்ணன் திருமுருகன் அவளைக் கூட்டிப்போகக் கறம்பக்குடியிலிருந்து வந்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் நின்றாள். "நான் என்ன மாமா பண்ணுனேன்? நீங்களாவது அவுககிட்டச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். பஸ் வரும்வரை கூடவே நின்று, வழியில் சாப்பிட பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். நல்ல பெண். இன்றைக்கும் அவள்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

ஆமாம், நான்தான் நிறுத்தினேன். தெரிந்தே, தினமும், மூன்று மாதம். எழுதிக்கொள்ளுங்கள். விவாகரத்து வரை போகும் என்று நினைக்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் பிள்ளையை நான் தனியாக விட்டுவிடவில்லை. நேற்று முழு ஒரு மணி நேரமும் என்னோடுதான் இருந்தான். பாதி நேரம் அழுதான். வீடியோவில் படம் ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. அவன் முகம் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.