நான் எடுத்துவிட்ட ஒரு சொல்

பெயர்நாளுக்கு, அதாவது நம் பெயருக்கு உரிய புனிதரின் நாளுக்கு, இனிப்பு கொண்டுவருவது எங்கள் அலுவலகத்தில் பழைய வழக்கம். யாருடைய பெயர்நாளோ அவர்தான் கொண்டுவர வேண்டும். மற்றவர்கள் பதினோரு மணிக்குக் கை கழுவிவிட்டு வந்தால் போதும். நவம்பர் எட்டு, மிகாயில், காவ்ரில் என்ற இரண்டு தேவதூதர்களுக்கும் உரிய நாள். எங்களிடம் மிகாயில் யாரும் இல்லை. குதிர்களில் வேலை பார்க்கும் காவ்ரில் அண்ணன் மட்டும்தான். அவருடைய மனைவி சுட்ட கொசோனாக் என்ற இனிப்பு ரொட்டி வந்திருந்தது, வால்நட் பூரணம் வைத்தது, வெள்ளைத் துணியில் சுற்றி. அந்த அம்மாளுக்கு நல்ல கைப்பக்குவம். இதைச் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

விசாரணையில் நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எல்லாவற்றையும் முறையாகச் சொல்வதுதான் எனக்குப் பழக்கம், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோன்ஸ்தான்ட்சா துறைமுகத்தில் எங்கள் பன்னிரண்டு தானியக் குதிர்களை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஈரம் போகாத மக்காச்சோளம் புழுங்கினால் கெட்ட காற்று கிளம்பும், அது குதிருக்கு அடியில் இருக்கும் குழியில் போய்த் தங்கும். அதை அளந்து திரையில் எண்ணாகக் காட்டுவதும், எண் ஏறினால் காற்றாடியை ஓடவிடுவதும் என் கணினி நிரலின் வேலை. பைத்தான் மொழியில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நான் தனியாக எழுதியது. குழிக்குள் இறங்குகிறவர் கையில் இருக்கும் கம்பியில்லா ஒலிபேசியில் எண்ணைக் கேட்க வேண்டும், திரைக்கு முன்னால் இருப்பவர் அதை வாயால் படித்துச் சொல்ல வேண்டும். இந்த விதியும் நான் போட்டதுதான். நாளடைவில் ஆட்கள் கையில் கொண்டுபோகும் அளவுகருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். என் நிரலின் மீது அவ்வளவு நம்பிக்கை.

அதில் ஒரு குறை இருந்தது. மறைக்கவில்லை. அந்த மொழியில் கணினியின் நினைவகத்தை நாம் காலி செய்ய வேண்டியதில்லை. ஒரு பொருளை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்றால் அது தானாகப் போய்விடும். யாராவது ஒருவர், எந்த மூலையிலாவது, அதன் பெயரை ஒரு பட்டியலில் எழுதி வைத்திருந்தால் போகாது. என் நிரலில் அப்படி ஒரு மூலை இருந்தது. ஒவ்வொரு அளவீடும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், எழுந்திருக்காது. ஒன்பது நாளில் நினைவகம் நிரம்பி எல்லாம் உறைந்துவிடும். உறைந்தால் திரை அணையாது. கடைசியாக இருந்த எண் பச்சையாக அப்படியே நிற்கும். அதனால் ஞாயிறு காலை ஆறு மணிக்கு நிரல் தானாக நின்று மறுபடி தொடங்கும்படி வைத்திருந்தேன். "மெஷினுக்கு ஞாயித்துக்கிழமை குளியல்" என்பார்கள் ஆட்கள். ஆறு ஆண்டுகளில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

பிறகு ருக்ஸாந்த்ராவை வேலைக்கு எடுத்தார்கள். முப்பத்து நான்கு வயது, கிளூஜ் நகரத்தில் வேலை பார்த்தவள். வந்த முதல் நாள் அவள் ஏதோ சொன்னாள், அது இருக்கட்டும். குளியல் எதற்கு என்று மேலாளர் பெட்குவிடம் கேட்டிருக்கிறாள். அவர் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவளையே தேடச் சொன்னார். ஒருவருடைய நிரலைத் துருவ இன்னொருவரைக் கொண்டுவந்து அவருக்குப் பக்கத்து மேசையிலேயே உட்காரவைத்தால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா. என்னைக் கண்டால் சிரிப்பாள். கிண்ணத்தில் தேநீர் ஊற்றும்போது எனக்கும் ஒன்று ஊற்றுவாள். நான் அதைக் குடித்ததில்லை.

"ஒக்தாவியன் சார், இந்த எடத்துல நீங்க ஏன் இப்படி எழுதினீங்கன்னு சொல்றீங்களா? குத்தம் சொல்லக் கேக்கல, புரிஞ்சுக்கத்தான்" என்பாள்.

குற்றம் சொல்லத்தான் கேட்கிறேன் என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அவள் கேட்ட கேள்விகளை ஒரு குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வந்தேன். தற்காப்புக்காக மட்டும். நாற்பத்தொன்று இருந்தது.

நினைவகம் இப்படி நிரம்பிப்போவதைக் கசிவு என்போம். அதைத் தேடுவதில் ஒரு சங்கடம் உண்டு. எந்தப் பொருள் போகாமல் நிற்கிறது என்று பார்க்க அவற்றை ஒரு பட்டியலில் சேர்த்தால், அந்தப் பட்டியலே அவற்றைப் பிடித்துக்கொள்ளும். தேடுகிறவரே திருடன் ஆகிவிடுவார். அவளுக்கு அது தெரிந்திருந்தது. மூன்று வரி எழுதினாள். பட்டியலுக்குச் 'சரக்கறை' என்று எங்கள் மொழியில் பெயர் வைத்தாள், குளிர்காலத்துக்கு ஊறுகாய்ப் புட்டிகளை அடுக்கி வைக்கும் அறை. ஆனால் அது பிடிக்காத பட்டியல். பொருளின் பெயர் அதற்குத் தெரியும், பொருளைக் கட்டி வைக்காது. போக வேண்டியது போய்விடும். அதற்கு அந்த மொழியில் ஒரு சொல் உண்டு, பலவீனமான என்று பொருள். அந்தச் சொல்லைச் சேர்த்திருந்தாள். அழகான வேலை. நான் நியாயமாகப் பேசுகிறவன், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் முடிவதற்குள் என் மூலையைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டாள். மூன்று வரியையும் அழித்தாள், ஞாயிற்றுக்கிழமைக் குளியலையும் நிறுத்தினாள். பெட்குவிடம் என் பெயரைச் சொல்லவில்லை. அளவுகருவியோடு வந்த பழைய இணைப்பு நிரலில் குறை என்று சொல்லியிருக்கிறாள். கூட்டத்தில் பெட்கு அதை அப்படியே ஒப்பித்தார். அவள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவ்வளவு நாள் லேசான சந்தேகம்தான் எனக்கு. அன்றைக்கு உறுதியாகிவிட்டது. காரணமே இல்லாமல் ஒருவர் இன்னொருவருடைய தவறைத் தன் பையில் போட்டு மூடுவாரா? வேண்டும்போது எடுத்துக் காட்டத்தான் வைத்திருக்கிறாள்.

அதனால் அவளுடைய வேலையிலும் குறை வரும் என்பதை எல்லோரும் ஒருமுறை பார்ப்பது நல்லது என்று முடிவு செய்தேன். பழிவாங்கல் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சரிசெய்தல் என்பேன் நான்.

அக்டோபர் முப்பத்தொன்று, மதியம் பன்னிரண்டு நாற்பது. அவள் சாப்பிடப் போகும்போது கணினியைப் பூட்டுவதில்லை, எங்கள் மேல் நம்பிக்கை. அவளுடைய மேசையில், அவளுடைய பெயரில், அந்த மூன்று வரிகளை மறுபடி சேர்த்தேன். அப்படியே சேர்த்தால் ஒன்றும் ஆகாது. அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டேன். இனி சரக்கறை எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு வீங்கும் என்று வீட்டில் சோதித்துப் பார்த்திருந்தேன். ஏழு நாள், இருபத்தொரு மணி நேரம். நவம்பர் எட்டு, காலை ஒன்பது நாற்பதுக்கு உறையும். பதினோரு மணிக்கு எல்லோரும் கொசோனாக்குக்கு மேலே வந்து கூடுவார்கள், குழியில் ஆள் இருக்காது. அப்போது நான் திரையைக் கவனித்து, இது உறைந்து கிடக்கிறதே என்று சொல்வேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வைத்தேன். இதை நீங்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு உறைந்தது. இரண்டு நிமிடப் பிழை.

பத்து ஐம்பதுக்கு ஒலிபேசி கரகரத்தது. அறையில் நான் மட்டும், மேசையில் கொசோனாக்.

"இஞ்சினியர் சார், ஆறாம் நம்பர் குதிர் வாய் அடைச்சுக்கிச்சு. அஞ்சே நிமிசம், எறங்கித் தட்டிவிட்டுட்டு வந்துடறேன். நான் வராம கொசோனாக்குல கைய வெச்சிராதீங்க, வீட்டுக்காரி என்னத்தான் வையுவா. நம்பர் என்ன?"

நான் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். எதை? பதினோரு மணிக்கு எல்லோருக்கும் முன்னால் சொல்வதற்கென்று வைத்திருந்த ஒன்றை, பத்து நிமிடம் முன்பே, ஒலிபேசியில், ஒரே ஒருவரிடம் சொன்னால் அது அங்கேயே முடிந்துவிடும். அவர் ருக்ஸாந்த்ராவைக் கூப்பிட்டிருப்பார், அவள் ஓடி வந்து மறுபடி தொடங்கியிருப்பாள், யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஐந்து நிமிடம் என்று அவரே சொன்னார். என்னிடம் கேட்கப்பட்டது திரையில் என்ன எண் இருக்கிறது என்பது. திரையில் இருந்த எண்ணைப் படித்தேன்.

"பூஜ்யம் புள்ளி ஒண்ணு, காவ்ரில் அண்ணே."

"நல்லாயிருப்பீங்க சார்."

அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. காற்றாடி ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஓடவில்லை என்பது எனக்குத் தெரியுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். காற்றாடியை ஓடவிடும் வரியை எழுதியவன் நான். தெரியும்.

பதினோரு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பெட்கு கத்தியை எடுத்துக்கொண்டு, பெயர்நாள்காரர் வரட்டும் என்று நின்றார். நான் திரைப் பக்கம் போய், எண் நகரவில்லையே என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து நிரலைத் திறந்தேன். மூன்று வரிகளையும் காட்டினேன். தேடுவதற்காக எழுதிய பட்டியலை அழிக்க மறந்தால் அந்தப் பட்டியலே கசிவாகிவிடும், புதிதாக வருகிறவர்கள் செய்கிற பிழைதான், கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று பெருந்தன்மையாகவே சொன்னேன். ருக்ஸாந்த்ராவின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் நிரலைப் பார்க்கவில்லை.

"காவ்ரில் அண்ணன் எங்க?" என்றாள்.

அவள் ஒலிபேசியைப் பிடுங்கிக் கூப்பிட்டாள், பிறகு அதைப் போட்டுவிட்டு ஓடினாள், மற்றவர்களும் ஓடினார்கள். எனக்கு இன்னும் இரண்டு வாக்கியம் மீதி இருந்தது.

குழி வாயில் நான்கு பேர் சேர்ந்து அவளைப் பிடித்து நிறுத்தினார்களாம், இல்லையென்றால் அவளும் இறங்கியிருப்பாள். முகமூடி கொண்டுவந்து அவரை மேலே தூக்கும்போது பதினொன்றே கால். அவருடைய மனைவி வந்தபோது நான் கொசோனாக் சுற்றிவந்த அந்த வெள்ளைத் துணியை மடித்துக் கையில் கொடுத்தேன். வேறு யாருக்கும் அது தோன்றவில்லை.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மூன்று வாரம் அவளைத்தான் கேட்டீர்கள், எல்லாம் அவள் பெயரில்தானே இருந்தது. ஒரு நாள் அந்த மூன்று வரிகளை அவளிடம் அச்செடுத்துக் காட்டியபோது, "இது என்னோடது இல்ல. நான் இப்படிப் புடிச்சு வெக்கிற மாதிரி எழுதவே மாட்டேன்" என்று சொன்னாளாம். பழைய பிரதியை எடுத்து ஒப்பிட்டிருக்கிறீர்கள். ஒரு சொல் குறைவாக இருந்தது. அது சேர்க்கப்பட்ட பன்னிரண்டு நாற்பதுக்கு அவள் சாப்பிடப் போயிருந்தாள், அறையில் இருந்தது நான். ஒரே சொல்லை வைத்து ஒரு மனிதனைக் கண்டுபிடிக்க முடிகிறது என்பது நல்ல வேலைதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, அந்தச் சொல்லை எடுத்தது நான். எண்ணைப் படித்தது நான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் அறிக்கையில் வன்மம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. எதையும் மனதில் பிடித்து வைத்துக்கொள்கிற ஆள் நான் இல்லை. அவள் வந்தது மார்ச் பதினான்கு, செவ்வாய், காலை ஒன்பது இருபது. பச்சை மழைக்கோட்டு, மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. என் நிரலைத் திறந்து பார்த்து, எழுதியவன் பின்னால் நிற்பது தெரியாமல், "இத எந்தப் புண்ணியவான் எழுதினது?" என்று சிரித்தாள். அறையில் ஐந்து பேர் இருந்தார்கள், மூன்று பேர் கூடச் சிரித்தார்கள், காவ்ரில் அண்ணன் மூன்றாவது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை.