இரு கரைக்கும் இரு தாள்

“ஹலோ... ஹலோ, அண்ணே! நான்தான், பெர்மெத். வச்சிடாதே... என்னது? வேலையா இருக்கியா? என்ன வேலைன்னு எனக்குத் தெரியும். முதல்ல அந்தத் துப்பாக்கியைக் கீழே வை!”

தலைநகர் பிஷ்கெக்கில், பல்கலைக்கழக அரங்கின் பின்பக்கத் தாழ்வாரத்தில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள் பெர்மெத். கழுத்தில் தொங்கிய அட்டையில் ‘மாணவர்களின் மாதிரி உலகப் பேரவை – அவசரச் செய்திப் பிரிவு’ என்றிருந்தது. சுவர்க் கடிகாரம் இரண்டு முப்பத்தெட்டு காட்டியது.

“ஆமா... ஆமா, அதைத்தான் சொல்றேன். ‘மூணு மணிக்கு அக்கரைக்காரங்க மதகை உடைக்கப் போறாங்க’. அதானே? அது பொய்ண்ணே! நான் எழுதினது... நான்! உன் தங்கச்சி!... யாரும் மிரட்டலை. என் கழுத்துல யாரும் கத்தி வைக்கலை...”

உள்ளங்கை வியர்வையில் போன் வழுக்கியது. கை மாற்றிக்கொண்டாள்.

“கேளு. இங்கே பசங்க ஆளுக்கொரு நாடா உட்கார்ந்து வாதாடிப் பழகுறோம்... விளையாட்டுன்னே வச்சுக்கோ. பேச்சு சூடு பிடிக்கணும்னு நடுவுல ஒரு அவசரச் செய்தியை விடுவோம். அதை எழுதுறது என் வேலை. நிஜமாட்டம் இருக்கட்டுமேன்னு நம்ம ஊர் மதகு பேரையே போட்டுத் தொலைச்சிட்டேன்... ஆமா, புத்தி கெட்டுப்போச்சு. அப்புறம் திட்டு!... முத்திரையா? நான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. அடியில ‘பயிற்சிக்கு மட்டும்’னு கொட்டை எழுத்துல இருந்துச்சு. எவனோ ஒரு கூறுகெட்டவன் போன்ல படம் பிடிச்சு, அந்த வரியை மட்டும் வெட்டிட்டு ஊருக்கு அனுப்பியிருக்கான்.”

அரங்கத்துக்குள் தலைவர் மரச்சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது. ஏதோ ஒரு ‘நாடு’ எழுந்து பேச, கைதட்டல்.

“...அதுவா? பசங்க கைதட்டுறாங்க... இல்லண்ணே, உன்னைப் பார்த்துச் சிரிக்கலை... ரொட்டி மேல சத்தியம். போதுமா?... போதாதா? ஏன்?... என்ன சொன்னே? அக்கரையில ஆள் கூடியாச்சா? உன் கண்ணால பார்த்தியா? எத்தனை பேரு?”

 பக்கத்தில், இன்னொரு போனைக் காதில் அழுத்திக்கொண்டு மனிஜா நின்றாள். அவள் ஆற்றின் அக்கரையில், எல்லைக்கு அப்பால் இருக்கும் ஊர்க்காரி. இதே பேரவைக்கு வந்தவள். மூன்று நாளாக விடுதியில் பெர்மெத்தின் அறைத்தோழி. தன் மொழியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாடை வரை வழிந்திருந்தது.

“அண்ணே... அவங்க ஏன் கூடியிருக்காங்கன்னு நான் சொல்றேன். கத்தாம கேளு. இங்கே ஒரு பழக்கம் உண்டு. ரெண்டு தரப்புக்கும் ஒரே செய்தியைக் குடுக்க மாட்டோம். தனித்தனி உறை, தனித்தனித் தாள். உன் தாள்ல அவங்க வர்றாங்க. அவங்க தாள்ல... நீங்க வர்றீங்க. ரெண்டு படமும் வெளியே போயிடுச்சு... ஆமாண்ணே, ரெண்டும் நான்தான். அவங்க உங்களை அடிக்க வரலை. நீங்க அடிக்க வருவீங்கன்னு பயந்து நிக்கிறாங்க!”

 மதகில் தண்ணீர் விழும் இரைச்சல் மட்டும் போனில் கேட்டது.

“அண்ணே?... இருக்கியா?... மனிஜா இங்கே அவ மாமா சுஹ்ராப்கிட்ட பேசிட்டிருக்கா. ஆமா, அந்தக் கரை மதகுக்காரர்தான். அவர்கிட்ட அவங்க தாளோட படம் இருக்கு. நீ பாலத்து நடுவுக்குப் போ. துப்பாக்கி இல்லாம போ... அவரும் வெறுங்கையோட வருவாரு. ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ‘பச்சைத் தார்ப்பாய் லாரியில் பதினேழு பேர்’னு ரெண்டுலயும் அதே வரி இருக்கும், ஊர்ப் பேரு மட்டும் மாறியிருக்கும்... முதல்ல அவர் வரணுமா? அண்ணே, யார் முதல்லன்னா பார்க்கிற நேரம் இது?... சரி, சரி. மனிஜா! ரெண்டு பேரும் ஒண்ணா அடியெடுத்து வைக்கணுமாம், உங்க மாமாகிட்ட சொல்லு!”

இரண்டு நாற்பத்தொன்பது. போனில் பலகைகள் கிறீச்சிட்டன.  எங்கோ ஒரு நாய் குரைத்தது. பிறகு, யாரோ யாரையோ கேவலமாகத் திட்டுவது கேட்டது. பிறகு, இரண்டு பேர் திட்டுவது.

“ஹலோ! என்ன ஆச்சு?... என்னையா? ரெண்டு பேரும் என்னையவா திட்டுறீங்க?... திட்டுங்க! நல்லா திட்டுங்க!” சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்ப் பொங்கின. “அப்பாகிட்ட போனைக் குடு, அவர்கிட்டயும் நானே சொல்லிடறேன்... இல்லையா? எங்கே?”

சிரிப்பு உறைந்தது.

“மேல் பாறையிலயா? துப்பாக்கியோடயா?... போன் எடுத்துட்டுப் போகலையா!... என்ன சொல்லிட்டுப் போனாரு?... ‘பாலத்து நடுவைத் தாண்டி எவன் வந்தாலும் சுடுவேன்’னா?... மனிஜாவோட மாமா இப்போ எங்கே நிக்கிறாரு?... நம்ம கரையிலயா! யாரு அவரைத் தாண்டி வரச் சொன்னது?... ஓடாதே! அவரைக் கூட்டிட்டு அப்பாகிட்ட ஓடாதேண்ணே! மேலேருந்து பார்த்தா உன்னைத் துரத்திட்டு வர்ற மாதிரி இருக்கும்! நில்லு... அவர் தோள்ல கையைப் போடு. இப்பவே போடு. கூச்சமாவது மண்ணாவது! அவரையும் உன் தோள்ல போடச் சொல்லு. ஒட்டிக்கிட்டு மெல்ல நடங்க. மத்தவங்க அங்கேயே உட்காரட்டும்.”

இரண்டு ஐம்பத்தாறு. சரளைக் கற்களில் நான்கு கால்கள் நடக்கும் சத்தம். மனிஜா வந்து பெர்மெத்தின் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். நகம் பதிந்தது, வலிக்கவில்லை. ஐம்பத்தெட்டு. மூன்று. அரங்கத்துக்குள் ஓட்டெடுப்புக்கு மணி அடித்தார்கள். இருவரும் துள்ளி விழுந்தார்கள். மூன்று மணி ஒரு நிமிடம்.

“ஹலோ?... அண்ணே?... அப்பா!”

அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

“ஆமாப்பா... ஆமாப்பா. ரெண்டும் நான்தாம்பா எழுதினேன்... பேசிப் பழகத்தாம்பா... நீங்க நல்லாருக்கீங்களா?... என்னப்பா சொல்றீங்க? மாமா இந்தக் கரையில கால் வச்சப்பவேவா? குறி வச்சாச்சா?”

அவள் அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

“அப்புறம் ஏம்ப்பா சுடலை?... ம்... ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டா... ம்... தோள்ல கை போட்டு நடந்ததும்... எது அவன், எது உங்க பிள்ளைன்னு... தெரியலையா அப்பா?... அப்பா?”

மறுமுனையில் அப்பா கனமாக மூச்சு வாங்கினார். போன் வைக்கப்பட்டது.